விலக்கப்பட்ட வட்டியும் வேற்று மதத்தாரும்

கிள்ளானிலோ பட்டர்வொர்த்திலோ இஸ்லாமிய வங்கியின் நிதியுதவியோடு வீடு வாங்கும் தமிழ்க் குடும்பம், வீட்டுக்கான பணம் கைமாறுவதற்கு முன்னால் சிறிது நேரம் செம்பனை எண்ணெய்க்கு உரிமையாளராக இருக்கிறது. பங்குச் சந்தையான பர்சா மலேசியா 2009இல் தொடங்கிய 'பர்சா சூக் அல்-சிலா' என்ற மின்னணுச் சந்தையில் வங்கி அந்த எண்ணெயை வாங்குகிறது. வாங்கிய விலையோடு தன் லாபத்தைச் சேர்த்து, மாதத் தவணையில் செலுத்தும் ஏற்பாட்டில் வாடிக்கையாளருக்கு விற்கிறது. வாடிக்கையாளரோ அதே எண்ணெயை ரொக்கத்துக்கு விற்றுத்தரும்படி வங்கியையே முகவராக நியமித்திருக்கிறார். விற்று வந்த காசு வீட்டை விற்பவருக்குப் போகிறது. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் கட்டித் தீர்க்க வேண்டிய எண்ணெய் விலையின் பாக்கி குடும்பத்தின் கணக்கில் நிற்கிறது. எண்ணெய் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் 'எனக்கு எண்ணெயாகவே கொடுங்கள்' என்று கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. இந்த ஏற்பாட்டின் பெயர் தவர்ருக்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் கத்தை கத்தையான தாள்களில் கையெழுத்துப் போடுகிறவர் நடுவில் நிமிர்ந்து, "வீட்டு லோனுக்கு எண்ணெய் எதற்கு?" என்று கேட்டால், "இஸ்லாமிக் லோன் அப்படித்தான், மாசக் கட்டு எல்லாம் ஒன்றுதான்" என்று பதில் வரும். அவசரத்தில் சொல்லப்படும் இந்தப் பதில் பெரிய விஷயம் ஒன்றை மூடி மறைத்துவிடுகிறது. எல்லாம் ஒன்றுதான் என்றால் எண்ணெய் தேவையில்லை. எண்ணெய் தேவைப்படுகிறது என்றால் எல்லாம் ஒன்று இல்லை. அந்த வேறுபாடு என்ன, அது உண்மையானதா, முஸ்லிம் அல்லாதவருக்கு அதில் என்ன பொருள் இருக்கிறது என்று எடுத்துச் சொல்வதைத்தான் விழிப்புணர்வு என்று அழைக்க முடியும். விகிதங்களை அச்சடித்து நீட்டுவது விளம்பரம்.

மலேசியாவில் இது ஓரமாக நடக்கும் தொழில் இல்லை. அந்த நாட்டு வங்கிகள் வழங்கும் நிதியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இன்று இஸ்லாமிய முறையில் போகிறது. எச்.எஸ்.பி.சி., ஓ.சி.பி.சி. போன்ற பன்னாட்டு வங்கிகளும் அமானா, அல்-அமீன் என்ற பெயர்களில் தனிக் கிளை நிறுவனங்கள் நடத்துகின்றன. வீட்டு நிதி, கார் நிதி, சேமிப்புக் கணக்கு என எதுவானாலும், பெயரின் கடைசியில் ஒரு சின்ன 'ஐ' எழுத்து ஒட்டியிருந்தால் அது இஸ்லாமிய வகை. சீனர்களும் இந்தியர்களும் அவற்றில் தாராளமாகக் கையெழுத்திடுகிறார்கள். விகிதம் சற்றுக் குறைவாக இருந்தது, விண்ணப்பம் சீக்கிரம் தேறியது என்பவைதான் அவர்கள் சொல்லும் காரணங்கள். சுடின் ஹாரூனும் மற்ற இருவரும் வடமலேசிய நகரங்களில் ஆய்ந்து 1994இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே காட்டியது. முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் வங்கியைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களில் பெரிய வேறுபாடு இல்லை. இருவருமே விரைவான, நல்ல சேவையைத் தேடினார்கள்.

ஆக, ஆட்கள் வந்துவிட்டார்கள். விளக்கம்தான் இன்னும் வரவில்லை.

ஒரு மதம் தன்னைப் பின்பற்றுவோருக்கு விதித்த விலக்கு, அந்த மதத்தைச் சேராதவரிடம் வரும்போது என்ன ஆகிறது? மதச்சாயம் பூசிய விற்பனைத் தந்திரம் என்று சிலர் அதை ஒதுக்குகிறார்கள். நம் வீட்டுக்குள் அடுத்தவர் சட்டம் நுழைகிறது என்று சிலர் அஞ்சுகிறார்கள். இரண்டு தரப்பும் கவனிக்காமல் விடுகிற வழி ஒன்று இருக்கிறது. அந்த விலக்கு வணக்கமுறை பற்றியது இல்லை. கடன் கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே எது நியாயம் என்பது பற்றிய வாதம் அது. வாதம் என்றால் யாரும் எடைபோடலாம், ஏற்கலாம், மறுக்கலாம். அதற்கு மதம் மாற வேண்டியதில்லை.

வாதம் இதுதான். வியாபாரமும் வட்டியும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன என்று அந்தக் காலத்து அரேபியரே கேட்டதைக் குர்ஆன் பதிவு செய்கிறது. வியாபாரத்தை இறைவன் அனுமதித்தான், வட்டியைத் தடுத்தான் என்பது அங்கே தரப்படும் பதில். காரணத்தை விரித்துச் சொன்னவர்கள் பின்னால் வந்த சட்ட அறிஞர்கள். பொருள் விற்பவன் அதைக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் அது கெட்டுப்போகலாம், விலை விழலாம். அந்தப் பொறுப்பைச் சுமப்பதால் லாபம் அவனுக்கு உரியது. வீட்டை வாடகைக்கு விடுபவன் கூரை ஒழுகினால் சரிசெய்தாக வேண்டும். கூட்டாளி நட்டத்திலும் கூட்டாளி. கடன் கொடுத்தவனோ வாங்கியவன் வாழ்ந்தாலும் தாழ்ந்தாலும் தன் கூடுதலைக் குறித்த நாளில் கேட்கிறான். பொறுப்பில்லாத இடத்தில் லாபம் இருக்கக் கூடாது என்பதே இந்தச் சிந்தனையின் உயிர்நாடி. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடு, விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்ற கட்டளையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

இது இஸ்லாத்துக்கு மட்டும் உரிய கவலை என்று நினைப்பது சரித்திரத்தை மறப்பதாகும். யாத்திராகமமும் லேவியராகமமும் ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கின்றன. 1179இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் மூன்றாம் லாத்தரன் சங்கம், வட்டித் தொழில் செய்வதாக ஊரறிந்தவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. தாந்தே அவர்களை நரகத்தின் ஏழாம் வட்டத்தில் வைத்தார். வசிஷ்ட தர்மசூத்திரம் அந்தணரும் அரசரும் வட்டிக்கு விடக் கூடாது என்கிறது. இந்து சட்டத்தில் 'தாம்துபத்' என்று ஒரு விதி இருந்தது: ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி, அசலைத் தாண்டக் கூடாது. நூறு ரூபாய்க் கடன் எத்தனை ஆண்டு நிலுவையில் கிடந்தாலும் ஒரு நாளில் இருநூறுக்கு மேல் கேட்க முடியாது. பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தாவிலும் பிரிட்டிஷ் நீதிமன்றங்கள்கூட அதை ஏற்று நடைமுறைப்படுத்தின.

தமிழரின் கதை வேறு திசையில் போனது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் வட்டியைத் தயக்கமில்லாமல் பேசுகின்றன. கோயிலுக்கு வந்த அறக்கட்டளைக் காசை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, பொலிசை என்ற வட்டியாகப் பெற்று விளக்கெரித்தார்கள், நிவேதனம் செய்தார்கள். வட்டி அங்கே பாவமாக எண்ணப்படவில்லை. அறம் தொடர்ந்து நடக்க உதவிய கருவியாக இருந்தது. கடன் வாங்கியது ஊர்ச்சபை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பசித்த தனிமனிதன் வாங்கும் கடனையும், நீரும் நிலமும் உள்ள ஊர் வாங்கும் கடனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வட்டியே கூடாது என்ற வாதத்துக்கு எதிராக ஒருவர் நியாயமாக முன்வைக்கக்கூடிய சான்று இது. இதை மறைத்துவிட்டு விழிப்புணர்வு பேசுவது நேர்மையாகாது.

ஆனால் கடல் தாண்டியபோது நிலைமை மாறியது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் விவசாயிக்குக் கடன் கொடுத்த பெரும் வலைப்பின்னலைக் கட்டினார்கள். வெள்ளையர் வங்கிகள் வயல்வெளிப் பக்கம் எட்டிப்பார்க்காத காலம் அது. நெல் விளைய அவர்கள் பணம் இல்லாமல் முடியாது என்று 1929-30இல் பர்மிய வங்கி விசாரணைக் குழு எழுதி வைத்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் கடன்கள் முறிந்தன. ஈடாக வைத்த நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்களிடம் இருந்தது. நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம். பர்மிய உழவன் நிலத்தை இழந்தான். பிறகு போரும் தேசியமயமும் வந்து, செட்டியார்கள் அந்த நிலத்தையும் முதலையும் இழந்தார்கள். மலாயாவிலோ மலாய்க்காரர் நிலம் அடமானத்தில் பறிபோகாமல் காக்க 1913லேயே மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவரத் தூண்டிய அச்சங்களில் செட்டியார் கடனும் ஒன்று.

வட்டியை எதிர்க்கும் மலாய் மனநிலையில் வேதத்தோடு இந்த நில நினைவும் கலந்திருக்கிறது. மலேசியத் தமிழர் அதைத் தெரிந்துகொண்டால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது இன்னும் தெளிவாகக் காதில் விழும். தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்து, ஆலோங் என்ற கந்துவட்டிக் கும்பலிடம் கடன் வாங்கி, வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டு, வீட்டைக் காலி செய்த தமிழ்க் குடும்பங்களும் அதே நாட்டில் உண்டு. வட்டி எப்போது மனிதனை விழுங்குகிறது என்பதை யாரும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

மலேசிய இஸ்லாமிய வங்கியின் வேர் ஒரு பயணச் சேமிப்பில் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போக நினைக்கும் மலாய்க் கிராமத்தார் வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கம் போகாமல், காசை வீட்டில் ஒளித்து வைத்தார்கள். புறப்படும்போது நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். திரும்பி வந்து வறுமையில் வாழ்ந்தார்கள். பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959இல் இதை எடுத்துக்காட்டி ஒரு சேமிப்புத் திட்டம் முன்வைத்தார். 1963இல் பிறந்த அந்த அமைப்புதான் பின்னாளில் தாபுங் ஹாஜி ஆனது. எகிப்தின் மித் கம்ர் ஊரில் அகமது அல்-நஜ்ஜார் கிராமச் சேமிப்பு வங்கியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இஸ்லாமிய வங்கிச் சட்டம் 1983இல் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பேங்க் இஸ்லாம் திறந்தது. பத்தாண்டு கழித்து, 1993இல், சாதாரண வங்கிகளும் வட்டியில்லாப் பிரிவு நடத்த அனுமதி கிடைத்தது. முஸ்லிம் அல்லாதவர் பெருமளவில் உள்ளே வந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

வந்தவர்களுக்குள் இருக்கும் அச்சத்தையும் மதித்துப் பேச வேண்டும். மலேசிய இந்துக்களுக்கு 'ஷரியா' என்ற சொல் வங்கியை நினைவூட்டாது. தாய்க்குத் தெரியாமல் பிள்ளைகளைத் தந்தை மதம் மாற்றிய வழக்குகள்தான் நினைவுக்கு வரும். ஈப்போவைச் சேர்ந்த ஒரு தாய் ஒன்பது ஆண்டு போராடி, 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த மதமாற்றத்தைச் செல்லாததாக்கினார். அந்த வடுவைச் சுமக்கும் சமூகத்திடம் ஷரியா வங்கி என்று சொன்னால் அது ஓர் அடி பின்வாங்கத்தான் செய்யும். வங்கிகள் இதைக் கண்டும் காணாமல் போகக் கூடாது.

உண்மை நிலை இது. இஸ்லாமிய வங்கி ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் அது ஷரியா நீதிமன்றத்துக்குப் போகாது. சிவில் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். கோலாலம்பூரில் 2003 முதல் அதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஷரியா நீதிமன்றத்துக்கு முஸ்லிம் அல்லாதவர் மேல் அதிகாரம் கிடையாது. ஆனால் வழக்கில் ஷரியா தொடர்பான கேள்வி எழுந்தால் நீதிபதி அதை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஷரியா ஆலோசனை மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் கருத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும். இது நீதிபதியின் அதிகாரத்தைப் பறிக்கிறதே என்ற வாதம் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2019இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மையோடு அந்த ஏற்பாட்டை உறுதி செய்தது. மற்றவர்கள் எதிர்த்து எழுதினார்கள். வழக்கு சிவில் நீதிமன்றத்தில் நடக்கும் என்பதையும், ஷரியா மன்றத்தின் கருத்து அங்கே கட்டுப்படுத்தும் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். பாதியை மட்டும் சொல்லும் வங்கி, தன் மேல் வைக்கப்படும் நம்பிக்கையைத் தானே குறைத்துக்கொள்கிறது.

சட்டத்தைவிட வாடிக்கையாளரை நேரடியாகத் தொடும் விஷயம் விலை. இங்கேதான் இஸ்லாமிய வங்கி தன் லட்சியத்தின் முன் தடுமாறிய கதையும் இருக்கிறது. தொடக்க காலத்தில் வீட்டு நிதி 'பாய் பிதாமன் ஆஜில்' முறையில் நடந்தது: வங்கி வீட்டை வாங்கி, முழுக் காலத்துக்கான லாபத்தையும் சேர்த்து, ஒரே நிலையான விலைக்குத் தவணையில் விற்கும். 2006இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கில் வங்கி அளித்த நிதி ஏறக்குறைய 3,94,000 ரிங்கிட். இருபத்தைந்து ஆண்டுக்குரிய விற்பனை விலை 9,92,000 ரிங்கிட்டுக்கு மேல். வாடிக்கையாளர் சுமார் 33,000 ரிங்கிட் கட்டிய நிலையில் தவறினார். வங்கியோ மீதி 9,58,000 ரிங்கிட்டையும் கேட்டது. இன்னும் வராத ஆண்டுகளின் லாபமும் அதில் அடக்கம். வட்டிக் கடன் வாங்கியிருந்தால் அவர் அந்த நேரத்தில் தர வேண்டியது இதைவிட மிகக் குறைவாக இருந்திருக்கும். வட்டியிலிருந்து காப்பாற்ற வந்த ஒப்பந்தம் வட்டியைவிடக் கடுமையாக நின்றதைக் கண்ட நீதிபதி அப்துல் வகாப் பட்டாயில், கழியாத காலத்து லாபத்தை வங்கி கேட்க முடியாது என்றார். அவரே 2008இல் இன்னொரு தீர்ப்பில் இந்த முறையின் ஷரியாத் தகுதியையே கேள்விக்கு உள்ளாக்கினார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு திசையில் தீர்ப்பளித்தது. அந்த மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பில் நின்ற வாடிக்கையாளர் ஒரு சீனர்.

இந்த வழக்குகள் வீண்போகவில்லை. காலத்துக்கு முன்னால் கணக்கை முடித்தால் மீதி லாபத்தைக் கழிப்பது வங்கியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த நிலை போய், அந்தக் கழிவை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று பேங்க் நெகாரா விதித்தது. 'இப்ரா' என்று தாளில் காணப்படும் சொல் இதுதான்.

இன்றைய ஒப்பந்தத் தாளை ஒரு கணக்கோடு வாசித்தால் விஷயம் தெளியும். 3,00,000 ரிங்கிட் நிதி, முப்பது ஆண்டு, நடப்பு லாப விகிதம் 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 1,432 ரிங்கிட்; மொத்தம் 5,15,600 அளவில் வரும். ஆனால் ஒப்பந்தத்தில் விற்பனை விலை என்ற இடத்தில் 9,47,000-க்கு மேல் ஒரு தொகை இருக்கும். விற்பனை என்றால் விலை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நாளை விகிதம் ஏறினால் வங்கி விலையை ஏற்ற முடியாது. அதனால் உச்ச விகிதமாக, உதாரணத்துக்கு 10 விழுக்காடு வைத்து, விலையை முதலிலேயே எழுதிவிட்டு, நடப்பு விகிதத்துக்கு மேற்பட்டதை மாதாமாதம் கழித்துக்கொடுக்கிறார்கள். அந்தப் பெரிய தொகையைப் பார்த்து மிரண்டு பேனாவைக் கீழே வைத்தவர்களும் உண்டு. ஐந்து நிமிடம் செலவழித்து யாராவது விளக்கியிருந்தால் அது அச்சுறுத்தும் எண் இல்லை, பாதுகாக்கும் எண் என்று புரிந்திருக்கும். சந்தை எப்படிக் கொதித்தாலும் விகிதம் அந்த உச்சத்தைத் தாண்டாது. எத்தனை ஆண்டு தவறினாலும் விலை பாக்கி அந்தத் தொகைக்கு மேல் வளராது. தாமத ஈட்டுத்தொகை தவறிய தவணையின் மேல் ஆண்டுக்கு 1 விழுக்காடு மட்டும். அது குட்டி போடாது. 1,432 ரிங்கிட் தவணை ஒன்று ஓர் ஆண்டு நின்றால் ஈட்டுத்தொகை பதினான்கு ரிங்கிட்டும் சில காசும். தாம்துபத் விதியை வகுத்த பழைய இந்து நூலோர் இந்தப் பக்கத்தை வாசித்திருந்தால் தங்கள் எண்ணத்தை உடனே அடையாளம் கண்டிருப்பார்கள். கடனுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதில் இரண்டு மரபும் ஒன்றுபடுகின்றன.

எண்ணெய்க்குத் திரும்புவோம். இந்தத் தவர்ருக் முறையை முஸ்லிம் அறிஞர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. முன்கூட்டியே திட்டமிட்டு வங்கியே இரு பக்கமும் நடத்தும் தவர்ருக் கூடாது என்று இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் பிக்ஹு அகாதெமி 2009இல் ஷார்ஜாவில் முடிவெடுத்தது. மலேசிய ஷரியா மன்றம் அதை அனுமதிக்கிறது. எண்ணெய் யாருக்கும் தேவைப்படவில்லை, யாரும் பொறுப்பைச் சுமக்கவில்லை, காசு போய்க் காசுதான் கூடி வருகிறது என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அந்த வாதம் கனமானது. விலக்கின் எழுத்து காப்பாற்றப்பட்டு அதன் நோக்கம் நழுவிவிட்டதா என்பது முஸ்லிம்கள் தங்களுக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. முஸ்லிம் அல்லாத வாடிக்கையாளரிடம் இதை ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. தன்னைத்தானே இப்படிக் கேள்வி கேட்கும் மரபின் மேல் மதிப்பு கூடத்தான் செய்யும்.

பிரிட்டனில் இந்தக் கேள்வி வேறு உருவில் எழுந்தது. அங்கே 2004இல் தொடங்கிய இஸ்லாமிக் பேங்க் ஆஃப் பிரிட்டன், இன்றைய அல் ரய்யான் வங்கி, முளாரபா முறையில் வைப்புத்தொகை பெற விரும்பியது. பணம் போட்டவர் லாபத்தில் பங்கு பெறுவார், நட்டம் வந்தால் அதையும் ஏற்பார். வைப்புத்தொகை என்றால் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றார்கள் கண்காணிப்பு அதிகாரிகள். கடைசியில் ஒரு வழி பிறந்தது. முழுத் தொகையையும் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு. நம்பிக்கையின் காரணமாக அதை வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் உண்டு. நட்டத்தில் பங்கேற்பது அங்கே மனச்சாட்சி சார்ந்த தேர்வானது. வங்கி வீட்டை வாங்கி விற்பதால் இரண்டு முறை விழுந்த முத்திரைத் தீர்வையை 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கியது. சட்டம் எந்த மதத்தின் பெயரையும் சொல்லாமல் 'மாற்று நிதி' என்று பேசியது. அதனால் நல்ல லாப விகிதத்தைப் பார்த்து வந்த கிறிஸ்தவரும் மதநம்பிக்கை இல்லாதவரும் கூச்சமில்லாமல் அந்த வங்கியில் கணக்குத் தொடங்கினார்கள். 2014இல் பிரிட்டிஷ் அரசே 20 கோடி பவுண்டுக்கு சுகூக் என்ற இஸ்லாமிய முறைப் பத்திரம் வெளியிட்டபோது 230 கோடி பவுண்டுக்கு விண்ணப்பங்கள் வந்தன.

2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு, அடமானக் கடன்களைப் பொட்டலம் கட்டி விற்ற விளையாட்டில் இறங்காததால் இஸ்லாமிய வங்கிகள் தப்பின என்று பெருமையாகப் பேசப்பட்டது. வத்திக்கானின் செய்தித்தாள்கூட 2009இல் அவற்றின் நெறிகளைக் கவனிக்கச் சொன்னது. பன்னாட்டு நிதியத்தின் ஆய்வாளர்கள் ஹசனும் திரிதியும் 2010இல் எழுதியது நிதானமானது: முதல் அடியை இஸ்லாமிய வங்கிகள் நன்றாகத் தாங்கின; நெருக்கடி நிலம், கட்டடம் என்று பரவியபோது சில நாடுகளில் அவையும் அதிகமாகவே அடிபட்டன. விழிப்புணர்வுக் கூட்டங்களில் முதல் பாதி மட்டும் பேசப்படுகிறது.

மதப் பெயரே பாதுகாப்பு என்று நம்புவதன் விலையை இந்தியா பார்த்துவிட்டது. பெங்களூருவில் ஹலால் முதலீடு என்று சொல்லி நடந்த ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் கவிழ்ந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், சேமிப்பை இழந்தன. அது வங்கியும் இல்லை, ரிசர்வ் வங்கியின் கண்பார்வையில் இருந்ததும் இல்லை. முறையான கதவு மூடியிருக்கும் இடத்தில் இப்படிப்பட்டவர்கள் கடை விரிப்பது எளிது. ரகுராம் ராஜன் குழு 2008இல் வட்டியில்லா வங்கிமுறையைப் பரிந்துரைத்தது. வட்டியை ஏற்காததால் வங்கிக்கு வெளியே நிற்பவர்களை உள்ளே கொண்டுவருவது அதன் நோக்கம். தீபக் மொகந்தி குழு 2015இல் வட்டியில்லாச் சாளரங்களைப் பற்றிப் பேசியது. வங்கி சரக்கு வாங்கி விற்பதை 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது என்பது பெரிய முட்டுக்கட்டை. 2017இல் ரிசர்வ் வங்கி இந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று தெரிவித்துவிட்டது. கேரளத்தில் அரசு நிறுவனம் ஒன்று இத்தகைய நிதி நிறுவனத்தில் பங்கேற்பது மதச்சார்பின்மைக்கு எதிரானது என்று சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கை அந்த மாநில உயர் நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. இலங்கையிலோ 2005இல் சட்டம் திருத்தப்பட்டு, 2011இல் அமானா வங்கி முழு வணிக வங்கியாகவே இயங்கத் தொடங்கியது.

மலேசிய வாடிக்கையாளருக்கு 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம் ஒரு தெளிவைத் தந்திருக்கிறது. அதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. பணம் போடும் கணக்குகளை அது இரண்டாகப் பிரித்தது. வைப்புக் கணக்கில் அசலுக்கு உத்தரவாதம் உண்டு. வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் 2,50,000 ரிங்கிட் வரை பொறுப்பேற்கிறது. முதலீட்டுக் கணக்கில் அந்தக் காப்பு கிடையாது. முளாரபா என்றால் வாடிக்கையாளர் முதல் போடுபவர், வங்கி உழைப்பவர்; லாபத்தைப் பேசிய பங்கில் பிரிக்கிறார்கள், நட்டம் வந்தால் முதல் போட்டவர் தாங்குகிறார். இரண்டு விண்ணப்பத் தாளும் ஒரே நிறத்தில், ஒரே மேசையில் கிடக்கும். எது எதுவென்று கேட்காமல் கையெழுத்துப் போடுவது முஸ்லிமுக்கும் சரி, மற்றவருக்கும் சரி, ஆபத்து.

மதக் கேள்விக்கும் இந்த இடத்தில்தான் ஒரு பதில் உருவாகிறது. தவர்ருக் வைப்பில் பணம் போட்டு, நிலையான லாபத்தை முன்பே பேசிக்கொள்ளும் முஸ்லிம் ஒருவர் சட்டத்தின்படி ஹலாலான கணக்கு வைத்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் ஒரு பௌத்தரோ இந்துவோ முளாரபா முதலீட்டுக் கணக்கின் எச்சரிக்கைப் பத்தியை முழுவதும் படித்து, நட்டம் வரலாம் என்று தெரிந்தே கையெழுத்திடுகிறார். பொறுப்பில்லாமல் லாபம் கூடாது என்ற பழைய நெறிக்கு அருகில் நிற்பவர் இரண்டாமவர். அவருக்கு அரபுச் சொல் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பத்தியை அவருக்குப் புரியும் தமிழிலோ சீனத்திலோ வாசித்துக்காட்ட கிளையில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மாதத் தவணை எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், நட்டம் வந்தால் யார் தாங்குவது, விலை எங்கே நிற்கும், முன்கூட்டி முடித்தால் எவ்வளவு கழியும் என்று அவர் கேட்கும்போது, பதில் சொல்லத் தெரிந்தவராகவும் அந்த ஊழியர் இருக்க வேண்டும்.